வெயில் படுமுன் எடுக்க வேண்டிய மண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் சிவகளை இரும்பைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஈமத்தாழிகளோடு கிடைத்த இரும்புப் பொருட்களின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் மகிழ்ச்சி தரும் செய்தி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதைக் கட்டுரை "விஞ்ஞான முறைப்படி காலம் கணிக்கப்பட்டது" என்ற ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்த எண்கள் இரும்பை அளந்து பெற்றவை அல்ல. இரும்போடு கிடந்த கரித்துண்டுகளும் மட்பாண்ட ஓடுகளுமே ஆய்வுகூடங்களுக்குச் சென்றன. கரியை அளந்தது ஒரு முறை, ஓட்டை அளந்தது முற்றிலும் வேறான இன்னொரு முறை. ஒளிர்வுக் காலக்கணிப்பு எனப்படும் இந்த இரண்டாவது முறையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நமது இலங்கை நாட்டில், குறிப்பாகக் குளங்கள் திருத்தப்படுகின்ற வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களில், அந்த முறைக்கு வேண்டிய சான்று நாள்தோறும் நம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

நான் கொழும்பில் முப்பத்தொரு ஆண்டுகள் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிறந்தது வன்னியில் ஒரு குளத்தடிக் கிராமத்தில். தொல்லியலில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆனால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் பௌதிகவியலே ஆகையால் துணிந்து எழுதுகிறேன்.

கரிக்குப் பயன்படும் கதிரியக்கக் கரிமக் கணிப்பு ஓரளவு எல்லோரும் கேள்விப்பட்டது. மரமோ எலும்போ சிப்பியோ, உயிர் இருந்த ஒரு பொருளில் எஞ்சியுள்ள கரிமம் 14ஐ அளந்து அது இறந்த காலத்தைச் சொல்வது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அதனால் பார்க்க முடியாது. கரியே அகப்படாத இடத்தில் அது பயன்படவும் மாட்டாது. மற்றது ஒளிர்வுக் காலக்கணிப்பு. அது உயிரற்ற மணலையே மணிக்கூடாகக் கொள்கிறது.

ஆற்று மணலை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பிடித்தால் கண்ணாடித் தூள் போல மின்னுகின்ற மணிகளுள் பெரும்பாலானவை குவார்ட்ஸ் ஆகும். அப்படி ஒரு மணி மண்ணுக்குள் புதைந்த நாள்முதல், சுற்றியுள்ள மண்ணில் மிகச் சிறிய அளவில் எங்கும் காணப்படுகின்ற யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றிலிருந்து வெளிப்படும் கதிர்களும், வானிலிருந்து வரும் அண்டக் கதிர்களும் அதை இரவு பகலாகத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. அத்தாக்குதலால் பளிங்குக்குள் சில இலத்திரன்கள் இடம் பெயர்ந்து, பளிங்கின் கட்டமைப்பிலே இயற்கையாக உள்ள குறைபாடுகளில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. சிக்கியவை நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்கின்றன. அந்த மணியை ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினாலோ, நேரடி வெயிலில் காட்டினாலோ அவை விடுபடும். ஆய்வுகூடத்தில் அவ்வாறு விடுபடும்போது வெளிவருகின்ற மிக மெல்லிய ஒளியை அளந்தால், அந்த மணி இருட்டில் கிடந்த காலம் முழுவதும் எவ்வளவு கதிரை ஏற்றிருக்கிறது என்பதை அறியலாம். சூளையில் வெந்த பானையின் கணக்கு வெந்த நாளில் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. காற்றோடு வந்து படிந்த மணலின் கணக்கு அது கடைசியாக வெயிலைக் கண்ட நாளில் தொடங்குகிறது.

சூடாக்கி அளக்கும் வழியை, அதாவது வெப்ப ஒளிர்வை, பழம்பொருட்களின் வயதறியப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபரிங்டன் டேனியல்ஸ் குழுவினர் 1953இல் சொன்னார்கள். 1960களில் ஒக்ஸ்போர்டில் மார்ட்டின் எய்ட்கன் அதை மட்பாண்டங்களுக்கு உரிய நம்பகமான முறையாக வளர்த்தெடுத்தார். சூட்டுக்குப் பதிலாக ஒளியைப் பாய்ச்சி அளக்கும் வழியை, அதாவது ஒளித்தூண்டல் ஒளிர்வை, கனடாவில் டேவிட் ஹன்ட்லியும் தோழர்களும் 1985இல் வெளியிட்ட பின்னரே, ஒருபோதும் நெருப்பைக் காணாத ஆற்றுப் படிவும் மணற்குன்றும் குளத்து வண்டலும் திருத்தமாக அளக்கக்கூடியவை ஆயின.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மணியிலிருந்து கிடைப்பது மொத்தமாக ஏற்ற கதிரின் அளவு மட்டுமே. அதை ஆண்டுகளாக மாற்ற வேண்டுமானால், அந்த மணி கிடந்த இடத்தில் ஆண்டொன்றுக்கு எவ்வளவு கதிர் கிடைத்தது என்பதும் தெரிய வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வயது. கணக்கு இவ்வளவுதான். ஒரு மணல் 5 கிரே (கிரே என்பது ஏற்ற கதிரை அளக்கும் அலகு) கதிரை ஏற்றிருக்கிறது என்றும், அது கிடந்த மண் ஆயிரம் ஆண்டுக்கு 2.5 கிரே கொடுக்கிறது என்றும் வைத்துக்கொண்டால் வயது 2,000 ஆண்டு. அதே மண் உண்மையில் ஆயிரம் ஆண்டுக்கு 2 கிரேதான் கொடுத்திருக்குமானால் வயது 2,500 ஆண்டாகிவிடும். நம் நாட்டு வரலாற்றில் ஐந்நூறு ஆண்டு என்பது அனுராதபுரத்தில் எத்தனை அரசர் ஆட்சிக்கு ஈடானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே பொருள் பாதிச் சான்று, அது கிடந்த மண் மறுபாதிச் சான்று. அந்த மண்ணும் ஒரு சிட்டிகை அன்று. பீட்டாக் கதிர் சில மில்லிமீட்டர் தூரத்திலிருந்தும், காமாக் கதிர் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்தும் வந்து சேருவதால், பொருளைச் சூழ ஒரு முழத்துக்குக் குறையாத மண்ணின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும்.

நமது கரையோரங்களில் இது மேலும் கவனத்துக்குரியது. புல்மோட்டையில் இல்மனைற்று மணல் உண்டு, பேருவளைப் பக்கத்தில் மொனசைற்று மணல் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. அத்தகைய மணல் கலந்த படையில் கிடக்கும் ஒரு பானை ஓடு, பத்து மீட்டர் தள்ளி வெறும் வெண்மணலில் கிடக்கும் அதே காலத்து ஓட்டைக் காட்டிலும் பல மடங்கு கதிரை ஏற்றிருக்கும். இடத்தை அளக்காமல் ஓட்டை மட்டும் அளந்தால் ஒன்று மற்றதைவிட மிகப் பழையதாகத் தோன்றும். நீரும் கணக்கில் வரும். மண்துகள்களிடையே நிற்கும் நீர் கதிரின் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால், ஈரமண்ணில் மணிக்கூடு மெதுவாகவும் காய்ந்த மண்ணில் விரைவாகவும் ஓடும். மாரியில் நிரம்பிக் கோடையில் வெடித்துக் கிடக்கும் வன்னிக் குளமொன்றின் மண்ணுக்கு இது எவ்வளவு பெரிய கேள்வி என்பதைக் குளத்தடியில் வளர்ந்தவர்கள் உடனே உணர்வார்கள்.

இவற்றையெல்லாம் நான் ஒரு வருத்தத்தின் மூலமே கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிராமத்துக் குளத்தைத் திருத்துகிற பணி நடந்தது. குளக்கட்டை உயர்த்துவதற்கும், நீர் திறந்துவிடும் பழைய துருசை எடுத்துவிட்டுப் புதியது வைப்பதற்கும் பெக்கோ இயந்திரம் வந்து கட்டைக் குறுக்கே வெட்டியது. வெட்டிய முகத்தின் அடியில், இன்றைய வயல் மட்டத்துக்கும் கீழே, கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் ஒரு வரிசையாகத் தெரிந்தன என்று தங்கையின் மகன் கைத்தொலைபேசியில் படம் அனுப்பினான். உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. நமது தொல்லியல் இடங்களான பொம்பரிப்பிலும் கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்தவற்றின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் பழக்கமானது. பணியை மேற்பார்வை செய்த அலுவலகத்தோடு நான் தொலைபேசியில் பேசி, ஒரேயொரு நாள் அந்த வெட்டு முகத்தைத் தொடாமல் விடும்படி மன்றாடினேன். ஒப்பந்தக் காலம் முடிகிறது, மழைக்கு முன் கட்டு எழும்ப வேண்டும் என்று பதில் வந்தது. அதில் அவர்கள் பக்க நியாயமும் உண்டு, மழை எவருக்காகவும் காத்திராது. மறுநாள் மாலைக்குள் அந்த முகம் புதிய மண்ணுக்குள் மறைந்துவிட்டது.

ஆனாலும் என் மருமகன் சும்மா இருக்கவில்லை. டிப்பரில் ஏற்றிக் கொட்டிய மண்ணிலிருந்து ஓடுகளைப் பொறுக்கி, கிணற்றடியில் வைத்துத் தும்பால் தேய்த்துக் கழுவி, முற்றத்தில் பாய் விரித்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஓர் உரப்பையில் கட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து சேர்ந்தான். "மாமா, நல்லாக் கழுவித்தான் கொண்டு வந்தனான். இதுக்கு எத்தினை வயசெண்டு சொல்லுவினமோ?" என்று அவன் கேட்டபோது அந்த முகத்தில் இருந்த ஆவலை இன்றும் மறக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓர் ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் ஓட்டைப் பார்க்கவே கேட்கவில்லை. ஓடு எவ்வளவு தடிப்பு, எந்த ஆழத்தில் இருந்தது, அதைச் சூழ இருந்த மண் இருக்கிறதா, எடுத்தபோது அந்த மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்றே கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஓட்டின் உட்பகுதிக்கு வெயிலால் பெருந்தீங்கு இல்லை, வெளியே இரண்டு மில்லிமீட்டரைச் சிவப்பு விளக்கின் கீழ் சுரண்டி அகற்றிவிட்டு உள்ளே இருப்பதை அளக்கலாம் என்று விளக்கினார். ஆனால் மண் இல்லாமல் வகுப்பதற்கு எண் இல்லை. எங்கள் ஓடுகளோ விரல்நுனித் தடிப்புக்கூட இல்லாதவை. சுரண்டினால் எஞ்சுவது மிகச் சொற்பம். அந்தக் குளக்கட்டின் வயதைச் சொல்லியிருக்கக்கூடிய மண் முழுவதையும் டிப்பர் இடம் மாற்றிக் கொட்டி, வெயிலும் கண்டுவிட்டது. அந்த ஓடுகள் இப்போது வெள்ளவத்தையில் என் புத்தக அலுமாரியின் மேல்தட்டில், என்ன காலம் என்று தெரியாமலே இருக்கின்றன.

இரண்டு நாள் வெயில் என்ன, நிலத்திலிருந்து வெட்டி எடுத்த மணல் ஒரு நிமிடம் வெயிலில் கிடந்தாலே போதும், குவார்ட்ஸ் மணியில் எளிதில் விடுபடும் பகுதி பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் மாதிரி எடுப்பவர்கள் வெட்டு முகத்தின் மேற்பரப்பை முதலில் சுரண்டிவிட்டு, இரும்புக் குழாயையோ தடித்த எஸ்லோன் பைப்பையோ கிடையாக அடித்து இறக்கி, இரு முனையையும் கறுப்புப் பொலித்தீனால் இறுக மூடி, இருட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோகிறார்கள். ஆய்வுகூடத்தில் மங்கலான சிவப்பு விளக்கில் குழாயைத் திறந்து, வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய இரு முனையிலும் உள்ள மண்ணை வேறாக்கி வைத்துவிட்டு, நடுவில் உள்ளதையே எடுத்து அரித்து, அமிலத்தில் கழுவி, குவார்ட்ஸை மட்டும் பிரிக்கிறார்கள். பிரித்த மணிகளை ஒரு சிறிய உலோகத் தட்டில் ஒட்டி நீல ஒளியைப் பாய்ச்சினால் அவை புறஊதாப் பக்கத்தில் ஒளிரும். பிறகு அதே மணிகளுக்குத் தெரிந்த அளவு கதிரைச் செயற்கையாகக் கொடுத்து, இயற்கையில் வந்த ஒளிக்குச் சமமான ஒளி எவ்வளவு கதிரில் வருகிறது என்று பார்க்கிறார்கள். ஒரே மணித்தொகுதியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து சரிபார்க்கும் ஒழுங்கை மரேயும் விண்டிலும் 2000ஆம் ஆண்டில் வகுத்தார்கள். இன்று உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றப்படுவது அதுவே.

இந்த முறை தவறாதது என்று சொல்ல வரவில்லை. தவறிய கதை ஒன்றைப் பத்திரிகையாளர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் வடபகுதியில் ஜின்மியம் என்ற பாறைக்குடையில் கல்லாயுதங்கள் கிடந்த மண்ணை வெப்ப ஒளிர்வால் அளந்த ஒரு குழு, 1996இல் அது 116,000 ஆண்டுக்கும் மேற்பட்டது என்று அறிவித்தது. மனிதர் அக்கண்டத்துக்கு வந்த காலம் பற்றி அதுவரை எழுதப்பட்டவை எல்லாம் பொய்த்துவிட்டன என்று பத்திரிகைகள் முதற்பக்கத்தில் எழுதின. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு குழு அதே மண்ணை மணிமணியாகப் பிரித்து ஒளித்தூண்டல் முறையில் அளந்தபோது அந்தப் படிவு 10,000 ஆண்டுக்கும் குறைவானது என்று தெரியவந்தது. பிழை கருவியில் இல்லை. பாறைக்குடையின் கூரையிலிருந்தும் அடியிலிருந்தும் உதிர்ந்த துணிக்கைகள் வெயிலையே காணாமல் மண்ணோடு கலந்திருந்தன. அவற்றின் கணக்குப் பூச்சியத்துக்கு வரவே இல்லை. வெயில் கண்ட மணியையும் காணாத மணியையும் சேர்த்து அளந்தால் பெரிய எண்தான் வரும். முதல் அறிவிப்பு முதற்பக்கத்தில் வந்தது, திருத்தத்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. தாங்கள் பெரிய எண் ஒன்றைப் பிரசுரிக்கும்போதெல்லாம் இந்த ஜின்மியத்தை ஒரு கணம் நினைவில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குளக்கட்டிலும் இதே சிக்கல் உண்டு. கூடையில் அள்ளிக் கொட்டிய மண்கட்டியின் உட்புறம் கொட்டிய நாளில் வெயிலைக் கண்டிராது. ஆகவே கட்டின் நடுமண் சொல்லும் வயது கட்டு எழுந்த காலத்தைவிடப் பழையதாக இருக்கலாம். கட்டின் அடியில் புதைந்துபோன பழைய நிலமட்டம் அப்படிப்பட்டதன்று. மக்கள் நடந்து, மாடு மேய்ந்து, ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த மண் அது. கட்டு அதன்மேல் விழுந்த நாளில்தான் அதற்கு இருட்டு வந்தது. குளத்தின் அடிவண்டல் கட்டு எழுந்த பிறகு படிந்தது. கீழே ஒரு மாதிரி, மேலே ஒரு மாதிரி என்று இரண்டையும் எடுத்தால் கட்டு எழுந்த காலம் அவற்றினிடையே அகப்பட்டுவிடும். எங்கள் கிராமத்தில் பெக்கோ வெட்டிய முகத்தில் நான் படத்தில் கண்டது சரியாக அந்தப் பழைய நிலமட்டத்தைத்தான்.

இது நமது நாட்டுக்குப் புதிய விஞ்ஞானம் அன்று. ஈழத்தில் இம்முறை கையாளப்பட்டு நாற்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தென்கிழக்குக் கரையில் பூந்தலவிலும் பத்திராஜவெலவிலும் உள்ள செம்மணற் படிவுகளை அகமதாபாத் பௌதிக ஆய்வுகூடத்தின் அசோக் சிங்வி, நமது சிரான் தெரணியகல ஆகியோர் வெப்ப ஒளிர்வால் அளந்து 1986இல் வெளியிட்டார்கள். அங்கே கிடைத்த நுண்கற்கருவிகளுக்கு ஏறத்தாழ 28,000 ஆண்டு என்ற வயதும், அதற்கும் மிகப் பழைய கருவிகள் அடியிலுள்ள சரளைப் படையில் உண்டு என்ற அறிவும் அந்த மணலிலிருந்தே வந்தன. இந்தச் செம்மண், சரளைப் படிவுகளைப் புவிச்சரிதவியலாளர் நாடெங்கும் அழைப்பது இரணைமடுப் படிவு என்ற பெயரால். அந்தப் பெயரைக் கொடுத்த இரணைமடுவில் இன்று எவ்வளவு சரளை நாளுக்கு நாள் வீதிவேலைக்கு அள்ளப்படுகிறது என்று அவ்வழியே போய்வருகிறவர்கள் கண்டிருப்பார்கள்.

அனுராதபுரத்தைச் சூழவுள்ள சிறு குளங்களின் மண்படைகளை ஒளித்தூண்டல் ஒளிர்வால் அளந்து, அவை எப்போது தோன்றின, எப்போது கைவிடப்பட்டன என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்றைப் பிரித்தானிய ஆய்வாளர்களும் நமது பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்டார்கள். குளத்தைக் கல்வெட்டாலும் நூலாலும் மட்டும் காலம் கணிக்க வேண்டியதில்லை, குளத்தின் மண்ணே பேசும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு வேண்டுமா? வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், திருகோணமலை மாவட்டங்களில் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் நூற்றுக்கணக்கான சிறு குளங்களுக்கும் இது செய்யப்பட வேண்டும். குளம் யார் கட்டியது, யார் முதலில் வந்தார் என்ற சச்சரவு இங்கே ஓயாமல் நடக்கிறது. அச்சச்சரவில் செங்கல்லின் அளவையும் பானையின் நிறத்தையும் வைத்தே இரு தரப்பும் காலம் சொல்கின்றன. செங்கல் சுட்ட காலத்தையும் ஒளிர்வால் அளக்கலாம், பழைய இடிபாட்டிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்திய செங்கல் என்றால் கட்டிடத்தைவிட அது முதியதாக இருக்கும் என்ற எச்சரிக்கையோடு. அளந்த எண்ணை, அதன் பிழை எல்லையோடும் மாதிரி எடுத்த இடத்தோடும், இரு மொழியிலும் வெளிப்படையாக வைத்தால் பேச்சின் தரமே மாறும் என்று நம்புகிறேன்.

மணற்குன்றுகளைப் பற்றியும் ஒரு சொல். காற்றில் உருண்டும் பறந்தும் வந்த மணி முழுமையாக வெயில் காய்ந்தது ஆகையால், இம்முறைக்கு மணற்குன்றைப் போல ஏற்றது வேறில்லை. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டிலும் அம்பன் பக்கத்திலும் குன்றுகள் எப்போது எழுந்தன, எந்தக் காலத்தில் ஊரை மூடின என்பதை அந்த மணலே சொல்லும், அது லொறியில் ஏறிப் போகாதவரை. 2004 சுனாமி நமது கரைகளில் விட்டுச்சென்ற மணல் போல, முந்தைய பேரலைகளின் மணற்படைகளையும் இவ்விதம் அளக்கலாம். தாய்லாந்தின் பிரா தொங் தீவில் அவ்வாறு பழைய சுனாமிப் படைகள் பல அளக்கப்பட்டுள்ளன. அடுத்த பேரலை எத்தனை நூற்றாண்டு இடைவெளியில் வரக்கூடும் என்ற கேள்வி அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் உறவினரை இழந்த நமக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வி அன்று.

பழம்பொருள் வாங்குவோரும் இம்முறையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். துருக்கியின் ஹசிலர் என்ற இடத்துச் சுடுமண் பொருட்கள் என்று விற்கப்பட்டவற்றுள் 66ஐ ஒக்ஸ்போர்டில் அளந்தபோது 48 அண்மையில் சுடப்பட்ட போலிகள் என்று கண்டார்கள். சுடுமண்ணுக்கு இது நல்ல சோதனை. செப்புத் திருமேனிகளில், உள்ளே மண்கரு இருக்கும்படி வார்த்தவற்றில் அந்தக் கருவை அளக்கலாம். நம் தென்னிந்திய மரபுத் திருமேனிகளோ கனமாக வார்க்கப்பட்டவை, அவற்றுக்குள் கரு இராது. கொழும்பு அரும்பொருட்சாலையில் பொலன்னறுவைத் திருமேனிகளின் முன் நின்று, இவற்றின் வயதைக் கருவியால் சொல்ல முடியாதா என்று என் மாணவர்கள் கேட்டபோதெல்லாம் இதைத்தான் சொல்லிவந்தேன்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் கேட்பது, ஒரு காலத்தைப் பிரசுரிக்கும்போது மூன்றைச் சேர்த்து எழுத வேண்டும் என்பது: அளக்கப்பட்டது கரியா, ஓடா, மண்ணா என்பது, கூட்டல் கழித்தல் குறியோடு வரும் பிழை எல்லை, எண் எந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டது என்பது. கரிமக் கணிப்பில் "இன்றைக்கு முன்" என்றால் 1950க்கு முன் என்பது வழக்கு. ஒளிர்வில் அளந்த ஆண்டிலிருந்தே எண்ணுவார்கள். இரண்டையும் கலந்து எழுதினால் எழுபது ஆண்டுக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். பிழை எல்லையை விட்டுவிடுவதோ அதைவிடப் பெரிய குறை. தமிழ்நாட்டில் அத்திரம்பாக்கத்துக் கல்லாயுதங்கள் 385,000 ஆண்டு பழையவை என்று 2018இல் நமது பத்திரிகைகள் எழுதின. ஆய்வாளர் எழுதியது 385,000 கூட்டல் கழித்தல் 64,000 என்பது. அந்த 64,000ஐ எழுதுவதால் கண்டுபிடிப்பின் பெருமை ஒரு துளியும் குறையாது.

குளம், வாய்க்கால், வீதி வேலைகளை நடத்துகின்ற திணைக்களங்களிடமும் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பழைய கட்டை வெட்டும் ஒவ்வொரு பணியிலும் வெட்டு முகத்தை ஒரேயொரு முற்பகல் திறந்து வைத்து, ஒளி புகாதபடி நான்கு குழாய் மண் எடுத்து, ஆழமும் இடமும் குறித்து, சூழவுள்ள மண்ணில் ஒரு கிலோவை ஈரம் போகாமல் இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, அருகிலுள்ள பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. குழாய், சுத்தியல், கறுப்புப் பொலித்தீன், ஒட்டுநாடா எல்லாம் எந்தச் சந்தியிலும் வாங்கக் கூடியவை. அளக்கும் இயந்திரம் விலை கூடியது என்பது உண்மை. 1980களில் நமது மணல் அகமதாபாத்துக்குப் போயிற்று, பின்னர் அனுராதபுரத்து மண் ஸ்கொட்லாந்துக்குப் போயிற்று. இன்று எடுத்த குழாயை இருட்டில் பத்திரமாக வைத்தால் பத்து ஆண்டு கழித்தும் அளக்கலாம், அதற்குள் நம் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்த இயந்திரம் வரவும் கூடும். வெட்டிப் பரப்பிய கட்டின் மண்ணை எந்த இயந்திரம் வந்தும் அளக்க முடியாது.

குளத்தடியில் இருக்கும் கமக்காரருக்கும் இளைஞருக்கும் சொல்ல வேண்டியதும் உண்டு. ஓடு கண்டால் தோண்டாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி அகழ்வது குற்றமும் ஆகும். கழுவாதீர்கள். கண்ட இடத்திலேயே விட்டு, அருகே ஒரு குச்சியோ கைப்பேனையோ வைத்து அளவு தெரியப் படம் எடுத்து, மேலே ஒரு சாக்கையோ தறப்பாளையோ போட்டு மூடி, மேலே மண்ணைத் தள்ளி நிழல் செய்து, கிராம அலுவலருக்கும் அருகிலுள்ள பல்கலைக்கழகத் தொல்லியல் துறைக்கும் உடனே தெரிவியுங்கள். என் மருமகன் இப்போது அவ்வாறே செய்கிறான். சென்ற மாரிக்கு முன் அயற்கிராமக் குளமொன்றில் வாய்க்கால் வெட்டியபோது ஓடு தெரிந்ததும், உழவு இயந்திரத்தின் தறப்பாளைக் கழற்றி வெட்டு முகத்தில் தொங்கவிட்டு, யாராவது வரும்வரை இரண்டு நாள் அதனடியிலேயே காவல் இருந்திருக்கிறான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.